எங்கள் கேட்டை மறைத்து நிற்கும் கம்பெனி பஸ் குறித்து

என் பெயர் சாந்தகுமாரி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் அருண்குமார், கூரியர் ஆபீசில் சூப்பர்வைசர். பெங்களூரு பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சை கேட் போட்ட வீடு எங்களுடையது. வீட்டு வேலையோடு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். எனக்குக் கன்னடம் பேச வரும், சண்டை போடும் அளவுக்கு நன்றாகவே வரும், எழுதப் படிக்க மட்டும் வராது. ஆகையால் தமிழ் எழுதத் தெரிந்த தலைமைக் காவலர் உத்தமன் அவர்கள், நான் சொல்லச் சொல்ல இதைத் தமிழில் எழுதிக்கொள்கிறார். பிறகு இதைக் கன்னடத்தில் மாற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நேற்று காலை இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த புகாரில், என் மாமனார் கோதண்டராமன், வயது எழுபத்தெட்டு, வீட்டிலிருந்து காணாமல் போய்விட்டார் என்றும், எங்கள் தெருவில் கம்பெனி மினி பஸ்ஸை நிறுத்தும் டிரைவர் ரங்கா மேல் சந்தேகம் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தேன். மாமனார் நேற்றே நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். நான் இங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவர் வீட்டில் தூங்குகிறார், என் கணவர் லீவு போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கேட் பூட்டியிருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. இதையெல்லாம் முதலிலேயே எழுதச் சொன்னேன். நடந்ததை வரிசைப்படி சொல்ல வேண்டும் என்றார் காவலர். நல்ல செய்தியைக் கடைசி வரை வாயில் அடக்கி வைத்துக்கொள்ள என்னால் ஆகாது என்று சொன்ன பிறகு எழுதிக்கொண்டார்.

எங்கள் தெருவில் ஒரு கார் போனால் எதிரே வரும் ஸ்கூட்டர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நிற்க வேண்டும், அகலம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட தெருவின் கோடியில் போன வருடம் மழைக்காலத்தில் ரங்கா ஒரு ரூமுக்குக் குடிவந்தார். பொம்மசந்திரா பக்கத்தில் மோட்டார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு முதல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப் போய், மதியம் திரும்பக் கொண்டுவந்து விடும் மினி பஸ்ஸை அவர் ஓட்டுகிறார். முதல் ஆள் ஏறுவது எங்கள் தெருமுனையில் என்பதால் வண்டியை டிரைவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கம்பெனியில் விட்டுவிட்டார்கள். கம்பெனிக்குள் வண்டி நிறுத்த மைதானம் மாதிரி இடம் இருக்கிறது. அதை நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன், அந்த நிலைமையிலும் வயிறு எரிந்தது. அவ்வளவு இடத்தை விட்டுவிட்டு என் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பஸ்ஸின் பின்பக்கம் கேட்டில் பாதியை அடைத்துக்கொள்ளும். வெளியே போக வேண்டுமென்றால் ஒருக்களித்துப் போக வேண்டும். ஸ்கூட்டரை எடுக்க வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போய் ரங்காவைக் கூட்டிவர வேண்டும்.

அந்த இடத்தில் நான் பூந்தொட்டிகளை வைத்துப் பார்த்தேன். ரங்கா அவற்றை ஓரமாக நகர்த்தி, தண்ணீரும் ஊற்றிவிட்டு, பஸ்ஸை நிறுத்தினார். பழைய டிரம் ஒன்றில் கல்லைப் போட்டு வைத்தேன். அதை உருட்டிக்கொண்டு போய்த் தன் ரூம் வாசலில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து பல் தேய்த்தார். அதன் பிறகு டிராஃபிக் போலீசுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்த நேரத்தில் பஸ் கம்பெனிக்குப் போயிருந்தது, பஸ் போன இடத்தில் சந்தோஷமாக நாங்கள் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு தடவை பஸ் டயரில் காற்று இறங்கியிருந்ததே, அது நானா என்று இப்போது கேட்கப்பட்டது. நான் இல்லை. இறக்க வேண்டும் என்று நினைத்தது உண்டு, அதற்குள் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள்.

பஸ் காலையில் கிளம்பும்போது ஒரு தடவையும், மதியம் திரும்பி வரும்போது ஒரு தடவையும் நான் கேட்டில் நின்று சத்தம் போடுவேன். என் சத்தம் தெருமுனை மெடிக்கல் ஷாப் வரைக்கும் கேட்கும் என்று என் கணவர் சொல்வார். ரங்காவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. "யக்கா, ஸொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. இத்தாம் பெரிய வண்டிய நா எங்க எடுத்துனு போவேன்? மடிச்சி பாக்கெட்ல வெச்சிக்கவா?" என்பார். தெருவில் நாலு பேர் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஆனால் கேட் மட்டும் காரணம் இல்லை. என் மாமனாருக்குச் சில வருடங்களாக மறதி நோய். நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர் அந்தக் காலத்தில் சர்க்கார் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், வேலையில் இருந்த காலம் முழுக்கத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தவர். ரிட்டயர் ஆனது அவருக்கு இப்போது நினைவில்லை. இருந்தாலும் வீட்டோடு அமைதியாகத்தான் இருந்தார். வாசலில் இந்தப் பஸ் வந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது, டிபன் பாக்ஸைக் கொடு என்று தினமும் என்னை நச்சரிக்க ஆரம்பித்தார். கொடுக்காவிட்டால் அழுவார். அதனால் நான் தினமும் டிபன் பாக்ஸில் இரண்டு இட்லி வைத்து அவர் கையில் கொடுத்து, சேரில் உட்கார வைத்துவிடுவேன். பஸ் போன பிறகு, இன்றைக்கு லீவாம் மாமா என்று சொல்லி அதே இட்லியை அவரைச் சாப்பிட வைப்பேன். கேட்டுக்கு எப்போதும் பூட்டு போட்டிருப்பேன்.

இதையும் ரங்காவிடம் சொன்னேன். போன வாரம் நடந்த சண்டையில், உன் வண்டியால் எங்கள் வீட்டுப் பெரியவர் நிம்மதி போய்விட்டது என்று தெருவே கேட்கும்படி சொன்னேன். அதற்கு அவர், "அப்ப ஒரு நாளிக்கு அவரையும் ஏத்தினு போயிடறேன் போக்கா, ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்று சொன்னார். நேற்று புகாரில் நான் மிரட்டல் என்று எழுதச் சொன்னது இந்தப் பேச்சைத்தான். சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று கேட்கப்பட்டது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நேற்று காலையில் எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வரவில்லை.

நேற்று விடியற்காலையில் நான் கேட்டைத் திறந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். மார்கழி என்பதால் கொஞ்சம் பெரிய கோலம். அதன் பிறகு கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்து, மாமனாருக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாயும் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். அப்போது வெளியே பைப்பில் பஸ் கழுவும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பஸ் கழுவிய அழுக்குத் தண்ணீர் முழுவதும் என் கோலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டைத் திறந்துகொண்டு வெளியே போனேன். பைப் அப்படியே கிடந்தது, பஸ்ஸின் ஏறும் கதவு காற்றாடத் திறந்து கிடந்தது, ரங்கா டீக்கடைக்குப் போயிருந்தார். ஆள் இல்லாத பஸ்ஸைப் பார்த்துக் கொஞ்ச நேரம் திட்டினேன். அதற்குள் பால் பொங்கும் வாசனை வந்தது. கேட்டைப் பூட்டாமல் உள்ளே ஓடினேன். அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் சேரில் மாமனார் இல்லை.

பாத்ரூமில் பார்த்தேன், மாடியில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். வெளியே வந்தபோது பஸ்ஸும் இல்லை. என் கணவர் பனியனோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சில்க் போர்டு சிக்னல் வரைக்கும் போய்ப் பார்த்தார். நான் கோவில், பார்க், பால் பூத் எல்லாம் தேடினேன். ஓசூர் ரோட்டை நினைத்துத்தான் எனக்குப் பயம், அந்த ரோட்டை நல்ல கண்ணும் காலும் உள்ளவர்களே பயந்து பயந்துதான் தாண்டுகிறார்கள். எதிர்வரிசை வீட்டில் கேமரா வைத்திருக்கிறார்கள். அவர்களை எழுப்பிப் போட்டுக் காட்டச் சொன்னோம். அதில் எங்கள் கேட் தெரியவில்லை. திரை முழுக்க ரங்காவின் பஸ்தான் தெரிந்தது, கொஞ்ச நேரம் நின்றது, அதன் பிறகு போய்விட்டது. பஸ் போன பிறகு பார்த்தால் கேட் திறந்து கிடந்தது, வாசலில் யாரும் இல்லை. ரங்கா நம்பருக்கு என் கணவர் போன் செய்தார். ரிங் போனது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தோம், எடுக்கவே இல்லை. போன வாரம் அவர் சொன்ன வார்த்தை எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதன் பிறகுதான் இங்கே வந்து புகார் கொடுத்தேன்.

சப் இன்ஸ்பெக்டர் நாகேஷ் அவர்கள் என் புகாரை வாங்கிக்கொண்டு, "அளபேடிம்மா, சிக்தாரெ" என்று சொல்லி, அழ வேண்டாம், கிடைத்துவிடுவார் என்று தைரியம் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் எனக்கு இன்னும் அதிகமாக அழுகை வந்தது. அவர் ரங்காவின் வீட்டுக்காரரிடம் கம்பெனி விவரத்தை வாங்கினார். அதன் பிறகு என் கணவரைத் தெருவில் தேடச் சொல்லிவிட்டு, என்னை ஒரு பெண் காவலரோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பொம்மசந்திராவுக்குப் போனார். போகிற வழியெல்லாம் நான் ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். எங்கேயாவது நாலு பேர் கூட்டமாக நின்றால் கண்ணை மூடிக்கொண்டேன். பெண் காவலர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று இப்போது உத்தமன் அவர்களிடம் கேட்டேன், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்றார்.

கம்பெனி வளாகத்தில் வரிசையாகப் பஸ்கள் நின்றன. எங்கள் கேட்டை மறைக்கும் பஸ்ஸை எனக்குத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது, அதன் பின்பக்கத்தைத்தானே தினமும் பார்க்கிறேன். உள்ளே டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ரங்கா தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் ஷிஃப்ட் முடியும் வரைக்கும் டிரைவர்களுக்குத் தூக்கம்தான் வேலையாம், போன் சைலண்டில் இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் அவரைச் சட்டையைப் பிடித்து எழுப்பினார். நான் பின்னாலேயே ஏறி, என் மாமனாரை எங்கே கொண்டு போய் வைத்தாய் என்று கத்தினேன். ரங்கா அரைத்தூக்கத்தில் என்னைப் பார்த்துவிட்டு, "யக்கா, இங்கயும் வந்துட்டீங்களா? இங்க யார் கேட்டக்கா மறைச்சேன்?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "தாத்தாவா? என் வண்டிலயா? சத்தியமா நா ஏத்தலீங்க சார்" என்று அழாத குறையாகச் சொன்னார்.

அதன் பிறகு சப் இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு ரங்கா சொன்னது என்னவென்றால், டீக்கடையிலிருந்து வந்ததும் என்னிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவசர அவசரமாகக் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துவிட்டாராம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஏறிப் பார்க்கவில்லை. வழியில் ஆட்கள் ஏறினார்கள். இந்தக் குளிரில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, மஃப்ளரையும் குல்லாயையும் இழுத்து மூடிக்கொண்டு ஏறினவுடன் தூங்கிவிடுவார்கள். "கண்ணாடில பாப்பேன் சார். கடைசி சீட்டுல குல்லா போட்டுனு தூங்கினு இருந்தா எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்றார். கடைசி சீட்டில் ஜன்னலோரம் ஒரு குல்லாய் தெரிந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. யாரோ புது காண்ட்ராக்ட் ஆள் என்று நினைத்தாராம். என் மாமனார் தொழிற்சாலை பஸ்ஸில் எப்போதும் உட்காரும் இடமும் கடைசி சீட் ஜன்னலோரம்தான் என்று என் கணவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்படியானால் அவர் இங்கேதான் இறங்கியிருக்க வேண்டும் என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெயின் கேட்டிலிருந்து ஒரு செக்யூரிட்டி ஓடிவந்தார். ஜீப்பைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார். "சார், நீங்க ஆடிட்டர் சாருக்காக வந்தீங்களா?" என்று கேட்டார். எந்த ஆடிட்டர் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விவரம் பின்வருமாறு. நேற்று அந்தக் கம்பெனிக்கு வெளியூரிலிருந்து வயதான ஆடிட்டர் ஒருவர் வருவதாக இருந்தது. அவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்று செக்யூரிட்டிகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டத்தோடு ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் டிபன் பாக்ஸோடு நேராக நடந்து வந்து, செக்யூரிட்டிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, "என்னப்பா, டூட்டில தூங்கறியா?" என்று அதட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார். இவர்களும் எழுந்து நின்று பதிலுக்குச் சல்யூட் வைத்திருக்கிறார்கள். "மொத ஷிஃப்ட் பஸ்லயே ஆடிட்டர் வர்றாரு, எவ்ளோ சிம்பிளான மனுஷன்னு நெனச்சோம் சார்" என்றார். அதன் பிறகு உண்மையான ஆடிட்டர் காரில் வந்தபோது, ஆடிட்டர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்று சொல்லி அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

பெரியவர் எங்கே என்று கேட்டேன், கேன்டீனில் என்றார். நான் ஓடினேன். பெண் காவலர் என் பின்னால் ஓடிவந்தார், என்னைப் பிடிக்க முடியவில்லை என்று பிறகு சொன்னார். கேன்டீனில் கடைசி பெஞ்சில், குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் மாமனார் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு இட்லியை எதிரே உட்கார்ந்திருந்த ஒருவரோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. செருப்புகூடக் காலில் இருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போட்டு அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, பிடித்துவைத்திருந்த மூச்சு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வந்த மாதிரி இருந்தது. ரங்கா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவரும் அழுதார். என் கணவருக்குப் போன் போட்டு, போனை மாமனார் வாயருகே நீட்டினேன். அவர் அதில், "நா டூட்டில இருக்கேன், அப்றம் பேசு" என்று சொன்னார். அதைக் கேட்டு என் கணவர் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தாராம்.

அதன் பிறகு வீட்டுக்குப் போகலாம் வாருங்கள் மாமா என்று கூப்பிட்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. புது இடமும் புது முகங்களுமாக இருந்தால் அவருக்கு இப்படி ஆகிவிடும், டாக்டரும் சொல்லியிருக்கிறார். "ஷிஃப்ட் முடியாம எப்டிம்மா வர்றது? கேட் பாஸ் யார் குடுப்பா?" என்று கேட்டார். கையைப் பிடித்தால் உதறினார், குரல் உயர்ந்தது. நம் ஜீப்பில் ஏற்றலாம் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார், ஆனால் போலீஸ் ஜீப்பில் ஏற நான் என்ன திருடனா என்று மாமனார் கேட்டதில் நியாயம் இருந்தது. கம்பெனி ஆட்கள் பெரிய மனது பண்ணி, அவர் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். சப் இன்ஸ்பெக்டர் பெண் காவலரை எங்களோடு விட்டுவிட்டுப் போனார். சங்கு ஊதும் வரைக்கும் நானும் ரங்காவும் அந்தப் பெண் காவலரும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாட்டில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று மாமனார் குறை சொன்னார், உண்மையாகவே தண்ணியாகத்தான் இருந்தது.

சங்கு ஊதியதும் அவராகவே எழுந்து, கை கழுவி, குல்லாய் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு போய் ரங்காவின் பஸ்ஸில் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, நீ எந்த செக்‌ஷன்?" என்று கேட்டார். பேக்கிங் என்றேன். நேற்று முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். பொம்மனஹள்ளி என்றேன். "நானும் அங்கதான். நீ தூங்கணும்னா தூங்கு, ஸ்டாப் வந்தா நா எழுப்பறேன்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்களும் தூங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

அதற்கு அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். "எனக்கு இப்பல்லாம் கண்ணு சரியா தெரியலம்மா. எல்லா தெருவும் ஒரே மாதிரி இருக்குது. ஆனா எங்க தெருவுல வண்டி நின்னா ஒரு பொம்பள சத்தம் போடுவா பாரு, ஊருக்கே கேக்கும். அந்த சத்தம் கேட்டா நம்ம வீடு வந்துடுச்சினு எறங்கிடுவேன்." யார் அந்த அம்மா என்று கேட்டேன். "நம்ம வீட்டுப் பொண்ணுதான். மருமக. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. சோறு சூடா போடும்" என்றார். அதன் பிறகு தூங்கிவிட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மற்ற எல்லோரும் வழியில் இறங்கிய பிறகு பஸ் எங்கள் தெருவுக்குள் திரும்பி, எங்கள் கேட்டுக்கு முன்னால், வழக்கமான இடத்தில் நின்றது. என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இறங்குங்கள் மாமா என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கண் விழித்து வெளியே பார்த்துவிட்டு, "இது நம்ம ஸ்டாப் இல்லம்மா, உன்னுதா இருக்கும், நீ எறங்கு" என்றார். என் கணவர் ஏறி வந்து அப்பா என்று கூப்பிட்டார். அதற்கும் எழவில்லை. அதன் பிறகு நான் மட்டும் இறங்கிப் போய் கேட் பக்கத்தில் நின்றேன். ரங்காவும் இறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றார். காலையிலிருந்து இந்த மனுஷனை நான் என்ன பாடு படுத்திவிட்டேன், இனி எந்த வாயால் திட்டுவது என்று இருந்தது.

"திட்டுங்கக்கா" என்றார் ரங்கா. "எப்பவும் திட்டறா மாதிரி திட்டுங்க."

நான் திட்டினேன். உனக்கு அறிவிருக்கா, இது என்ன உங்க அப்பன் வீட்டு பஸ் ஸ்டாண்டா, மனுஷங்க வெளிய போறதா வேணாமா என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும் வரைக்கும் திட்டினேன். பக்கத்து வீடுகளில் எட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குள் மாமனார் எழுந்து நின்றார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். ரங்காவைப் பார்த்து வரேம்ப்பா என்று சொல்லிவிட்டு, பஸ் அடைத்துக்கொண்டிருந்த கேட்டில் ஒருக்களித்து நுழைந்தார். என்னைப் பார்த்து, "சாந்தா, காப்பி போடும்மா, குளிருது" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அதன் பிறகு, புகார் நிலுவையில் இருப்பதால் வண்டியைக் காவல் நிலையத்தில் விட வேண்டும் என்று சொல்லப்பட்டதன்பேரில் ரங்கா பஸ்ஸை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். இன்று உள்ளே வரும்போது பார்த்தேன், காவல் நிலையத்தின் கேட்டையும் பாதி அடைத்துக்கொண்டுதான் நிற்கிறது, நானும் ஒருக்களித்துத்தான் உள்ளே வந்தேன். டிரைவர் ரங்கா என் மாமனாரை வேண்டுமென்று ஏற்றிப் போகவில்லை. அவர் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவருடைய வேலைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்று கம்பெனியிலும் நேரில் சொல்லிவிட்டேன். காலையில் வண்டியை எடுக்கும் முன் கடைசி சீட்டு வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்டைத் திறந்து வைக்க மாட்டேன் என்று நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வண்டியை வேறு இடத்தில் நிறுத்தச் சொல்லி நடவடிக்கை எடுக்கலாமா என்று சப் இன்ஸ்பெக்டர் அவர்கள் கேட்டார். வேண்டாம். வண்டியை இன்றே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன், அது பழையபடி எங்கள் கேட்டுக்கு முன்னாலேயே நிற்கட்டும். தினமும் மதியம் அது வந்து நிற்கும்போது நான் சத்தம் போடுவேன். ரோந்து வரும் காவலர்கள் யாராவது அதைக் கேட்டால் தயவுசெய்து சண்டை என்று நினைத்து விலக்கிவிட வர வேண்டாம், பாதியில் நிறுத்தச் சொல்லவும் வேண்டாம். சேரில் உட்கார்ந்தபடியே எங்கள் வீட்டுப் பெரியவர் அந்தச் சத்தம் கேட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருப்பார்.

காவலர் எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார், நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. யாரும் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ இதைச் சொல்லவில்லை. நானறிய எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
சாந்தகுமாரி

மேற்படி வாக்குமூலம் என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டு, படித்துக் காட்டப்பட்டது.
உத்தமன், தலைமைக் காவலர்